‘நன்றி’ என்ற சொல் இல்லாமல் நன்றி சொல்வது எப்படி: ஒரு முழு வழிகாட்டி

மேடையில் ‘நன்றி’ என்று சொன்னால் சரியாக இருக்கிறது. கல்யாண வீட்டு மைக்கிலும் சரியாக இருக்கிறது. அதையே அடுக்களையில் நிற்கும் மைனியிடம், அதாவது அண்ணியிடம், சொல்லிப் பாருங்கள். “என்ன, புதுசா மரியாதை எல்லாம்?” என்று திரும்பிப் பார்ப்பார். சரி, ‘தேங்க்ஸ்’ என்று சொல்லலாம் என்றால், ஒரு நிமிடம் பேனா இரவல் தந்தவருக்கும் அதுதான், நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்கும் அதுதான். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வருடங்களைப் போக்கியவர்களில் நானும் ஒருத்தி.

என் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். நான் பிளஸ் டூ படித்த வருடம் மஞ்சள் காமாலை முற்றி, நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் 11 நாள் கிடந்தார். அம்மையும் அங்கேயே இருந்தார். அந்த 11 நாளும் எனக்கும் தம்பிக்கும் தூக்குவாளியில் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து தந்தது கிழக்கு வீட்டு மாமி. ராத்திரி எங்கள் திண்ணையில் வந்து படுத்துக்கொண்டதும் அவர்தான். அப்பா வீடு திரும்பினார், வாழ்க்கை ஓடியது, நான் நர்சிங் முடித்து வெளியூர் போனேன். மாமியிடம் ஒரு நாள் உட்கார்ந்து இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். 18 வருடம் கழித்து ஒரு விடுமுறையில் அந்தப் படியேறியபோது, அவர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டில் பெயர்களை எழுதி, ஒவ்வொருவராகத் தேடிப் போக ஆரம்பித்தேன். சில இடத்தில் நன்றாகச் சொன்னேன், சில இடத்தில் சொதப்பினேன். அந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றி செலுத்தத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தலைவலி தீர்ந்தால் மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்து செலுத்துகிறோம். நாகராஜா கோயிலில் நாகர் சிலைகளுக்குப் பாலூற்றுகிறோம். கோட்டாறு சவேரியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், தக்கலை பீர் முகமது அப்பா தர்காவுக்குப் போகிறோம். நோய் குணமான வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து ஊரைக் கூட்டுகிறோம். நேர்ச்சையை மறந்துவிட்டால் தூக்கம் வராது நமக்கு. அதே நோயில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு மட்டும் “அவங்களுக்குத் தெரியாதா என்ன” என்று விட்டுவிடுகிறோம். அவர்களுக்குத் தெரியாது. இதை அடித்துச் சொல்வேன். தான் செய்தது இன்னொருவருடைய வாழ்க்கையில் என்ன ஆனது என்று, நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

1. ஆளைத் தேடாதீர்கள், நாளைத் தேடுங்கள்

“எனக்கு உதவியவர்கள் யார் யார்?” என்று யோசித்தால் அப்பா, அம்மா, ஆசிரியர் என்று வழக்கமான பட்டியல்தான் வரும். அதற்குப் பதிலாக உங்கள் வாழ்க்கை திரும்பிய நாட்களை எழுதுங்கள். முதல் வேலைக்குப் போன நாள், கடன் கழுத்தை நெரித்த மாதம், பிரசவம், வீட்டில் சாவு விழுந்த அன்று, மழையில் சுவர் இடிந்த ராத்திரி. ஒவ்வொரு நாளுக்கும் நேரே, “அன்று கதவைத் தட்டியது யார்? யார் வீட்டுக் கதவை நான் தட்டினேன்?” என்று கேளுங்கள். எதிர்பாராத பெயர்கள் வரும்.

எனக்கு வந்தவற்றில் ஒன்று, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா. அப்பா படுத்திருந்த காலத்தில் சாளையும் நெத்திலியும் கடனாகத் தந்துவிட்டு, மாதக் கடைசி வரை வாய் திறந்து கேட்டதில்லை. அவரை எந்தப் பட்டியலிலும் நான் சேர்த்திருக்க மாட்டேன், நாளைத் தேடியதால்தான் கிடைத்தார்.

சம்பளம் வாங்குகிறவர்களை விட்டுவிடாதீர்கள். ‘காசுக்குத்தானே செய்தார்’ என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பிள்ளையை ஆட்டோவில் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறவருக்கு, ஏற்றி இறக்கத்தான் நாம் காசு தருகிறோம். நீங்கள் வர அரைமணி நேரம் பிந்திய அன்று, பிள்ளையைத் தனியாக விடாமல் கேட்டருகே அவர் நின்றாரே, அது அந்தக் காசில் அடங்காது.

முதல் தடவைக்கு ஐந்து பெயர் போதும். வயதானவர்களை மேலே எழுதுங்கள். நான் பிந்தியது இந்த இடத்தில்தான்.

2. செய்ததை முழுதாக நினைவுக்குக் கொண்டுவாருங்கள்

மிக முக்கியமான படி இது. இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பழந்தமிழில் நன்றி என்ற சொல்லுக்கு நன்மை என்பதுதான் பொருள், ஒருவர் செய்த நல்ல காரியம். கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கிற வள்ளுவர் தன் 11ஆவது அதிகாரத்துக்கு வைத்த பெயர் ‘செய்ந்நன்றி அறிதல்’. சொல்லுதல் என்று இல்லை, அறிதல் என்று இருக்கிறது. செய்த நன்மையை முதலில் அறிய வேண்டும். அறிந்தால் சொல்லத் தெரியும்.

அறிவதற்கு மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். அவர் சரியாக என்ன செய்தார்? அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார்? அதனால் என் வாழ்க்கையில் பிறகு என்ன நடந்தது? இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் நாம் யோசிப்பதே இல்லை. மாமி எங்கள் திண்ணையில் படுத்த 11 ராத்திரியும் அவருடைய வீட்டில் மாமா அவர் துணை இல்லாமல் இருந்தார். மாமாவுக்கு மூட்டுவலி வேறு உண்டு. தூக்குவாளியில் வந்த பயறு ஆறு பேர் சாப்பிட வேண்டிய வீட்டின் பயறு. இதெல்லாம் எனக்குப் புரிய 30 வயது தாண்ட வேண்டியிருந்தது.

இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுத்தந்தது ஒரு நோயாளி. வார்டில் வேலை செய்கிற எங்களுக்கு, டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் ஸ்வீட் பெட்டி தருவது வழக்கம். அன்போடுதான் தருகிறார்கள், நாங்களும் சந்தோஷமாகப் பங்கிட்டுக்கொள்வோம். யார் எந்தப் பெட்டி தந்தார்கள் என்று ஒரு வாரத்தில் மறந்துபோகும். ஒரு பாட்டி மட்டும் பெட்டி எதுவும் தராமல், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ராத்திரி ரெண்டு மணிக்கு என் கால்ல போர்வைய இழுத்து விட்டியே மக்ளே, நான் முழிச்சுத்தான் கெடந்தேன்.” வருடங்கள் ஆகிவிட்டன. இரவுப் பணியில் இடுப்பு ஒடியும்போது அந்த ஒரு வாக்கியம்தான் என்னை எழுப்பி நடக்க வைக்கிறது. கவனித்துப் பாருங்கள், அதில் நன்றி என்ற சொல்லே இல்லை.

3. வாக்கியத்தைச் செய்துகொள்ளுங்கள்

என்ன சொல்வது என்று போகும் வழியில் யோசித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே போனதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டிலேயே எழுதிப் பாருங்கள்.

நர்சிங் விண்ணப்பத்துக்குப் பணம் தந்த டீச்சரிடம் சொல்ல நான் முதலில் எழுதியது இது: “டீச்சர், நீங்க செஞ்ச உதவிய உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். நீங்க எனக்குத் தெய்வம் மாதிரி.” பொய்யில்லை, மனதிலிருந்து வந்ததுதான். ஆனால் இதை யாரும் யாருக்கும் சொல்லலாம். தெய்வம் என்று சொன்னதும் அவர் கூசிப்போய்ப் பேச்சை மாற்றிவிடுவார். திருத்தி எழுதியது இது:

“டீச்சர், விண்ணப்பம் போடக் கடைசி நாளைக்கு முந்தின நாள் நான் ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னேன். டிடி எடுக்க ரூபாய் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல. நீங்க ஒண்ணும் கேக்காம பர்ஸைத் திறந்து தந்தீங்க. அதுக்குப் பிறகு ஒரு நாள்கூட அதைப் பத்தி யாருகிட்டயும் பேசல்ல, கிளாஸ்ல என்னை வேற மாதிரி பாக்கவும் இல்ல. அந்த விண்ணப்பத்துலதான் எனக்கு எடம் கெடச்சுது. தம்பியப் படிக்க வச்சேன், வீட்டுக்கு ஓட்டை மாத்தி கான்கிரீட் போட்டோம்.”

மூன்று கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. பணம் தந்ததைவிட, பிறகு அதைப் பற்றிப் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய உதவி. எழுதிப் பார்க்கும்வரை அது எனக்கே தெரியாது.

ஒவ்வொரு உறவுக்கும் வாக்கியத்தின் நீளம் மாறும். அப்பாவிடம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச முயலாதீர்கள், பெரும்பாலான அப்பாக்களால் தாங்க முடியாது. “அப்பா, நீங்க விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சு பால் வெட்டத் தலையில லைட்டைக் கட்டிட்டுப் போறது எனக்குக் கேக்கும். நான் முழிச்சுத்தான் கெடப்பேன்.” இவ்வளவுதான் சொன்னேன். அப்பா செருப்பைத் தேடுவதுபோல் வெளியே போய்விட்டார். அன்று ராத்திரி அம்மையிடம், “அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு” என்றாராம்.

அம்மாவிடம் சமையலைப் பாராட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம். அதைத் தாண்டிப் போங்கள். எந்தப் புடவையை விற்று, எந்த நகையை அடகு வைத்து, எந்த ஆசையை விட்டு நம்மை வளர்த்தார் என்று தெரிந்தால் அதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். மைனி, அத்தான், கொழுந்தன் போன்ற கல்யாணத்தில் வந்த உறவுகளிடம் தனியாகச் சொல்வதோடு, அவர்களுடைய பிறந்த வீட்டு ஆட்கள் இருக்கும்போதும் ஒரு தடவை சொல்லுங்கள். “உங்க மகள் எங்க அம்மைய ரெண்டு மாசம் கைத்தாங்கலா நடக்க வச்சா” என்று மைனியின் அப்பாவிடம் சொன்னபோது, மைனியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. “மத்தவங்க யாருமே செய்யல்ல, நீங்கதான் செஞ்சீங்க” என்பது நல்ல பேச்சில் கலந்த விஷம். கேட்பவர் அந்த ‘மத்தவங்க’ யார் என்றுதான் யோசிப்பார். நன்றி சொன்ன கையோடு இன்னொரு உதவி கேட்கவே கேட்காதீர்கள், வேறொரு நாள் போய்க் கேளுங்கள். “நான் உங்களுக்கு ஒண்ணுமே செய்யலியே” என்று அழுது புலம்பினால், உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும்.

4. அவருடைய நேரத்துக்குப் போங்கள்

பொது நிகழ்ச்சியில் சொல்வதைவிட வீட்டுக்குப் போய்ச் சொல்வது நம் ஊரில் எப்போதும் மேல். நேரம் பார்க்கத் தெரிய வேண்டும். பால் வெட்டுகிறவர் விடியுமுன் தோட்டத்துக்குப் போய், பால் எடுத்து, ரப்பர் ஷீட் அடித்துவிட்டு வரும்போது களைத்திருப்பார். சாயங்காலம் போங்கள், இல்லை நல்ல மழை நாளில் போங்கள், மரம் நனைந்தால் அவருக்கு வெட்டு இருக்காது. கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். திருப்பலி முடிந்து வீட்டில் ஆறுதலாக இருக்கிற நேரம் அது. தோவாளையில் பூ வியாபாரம் பார்க்கிறவரைக் காலையில் தேடிப் போனால், கை பூவிலும் கண் தராசிலும் இருக்கும்.

முன்கூட்டி போன் செய்தால் “என்ன விசேஷம்? கல்யாணமா?” என்று கேட்பார்கள். “சும்மா பாக்கத்தான், வேற ஒண்ணும் இல்ல” என்று சொல்லுங்கள். பணம் கேட்க வருகிறோமோ என்ற பயம் அதோடு போய்விடும்.

5. கையில் என்ன கொண்டுபோவது

வெறுங்கையோடு போக நமக்கு மனம் வராது, அது நல்ல பழக்கம். ஒரு சீப்பு மட்டிப் பழம், கொஞ்சம் ஏத்தங்காய் சிப்ஸ், வீட்டில் செய்த முந்திரிக்கொத்து, இது போதும். செய்த உதவிக்குச் சமமாக எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நிறுத்துங்கள். டீச்சர் அன்று தந்த பணத்தை ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தரலாம் என்று நான் முதலில் நினைத்தேன். அம்மைதான் தடுத்தார்: “கணக்குத் தீக்கப் போறியா, பாக்கப் போறியா?” கடனாக வாங்கியது என்றால் கட்டாயம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதை வேறொரு நாள் தனியாகச் செய்யுங்கள். மனமுவந்து தந்ததை விலை போட்டுத் திருப்பினால் தந்தவர் மனம் சுருங்கும்.

அவர் இப்போது கஷ்டத்தில் இருந்தால் கதை வேறு. அப்போது உதவுவது நம் கடமை. அதற்கு நன்றி என்று பெயர் வைத்துக் கொடுக்க வேண்டாம்.

6. சொல்லும்போது

போனதும் ஆரம்பிக்காதீர்கள். நலம் விசாரித்து, காப்பி குடித்து, பேச்சு ஓய்கிற ஒரு இடம் வரும். அங்கே, “ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன்” என்று தொடங்குங்கள். இந்த வாக்கியம் முக்கியம், கேட்பவர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கவனிப்பார். அப்புறம் எழுதிப் பார்த்ததை உங்கள் வாய்மொழியில் சொல்லுங்கள். ஒப்பிக்க வேண்டாம், மறந்துபோனால் பாதகமில்லை. அந்த நாளையும் அந்தக் காரியத்தையும் மட்டும் விடாதீர்கள்.

அவர் உடனே தட்டிவிடுவார். “அதெல்லாம் என்னத்துக்கு இப்ப?” “நான் என்ன பெரிசா செஞ்சேன்?” “நீ சாப்பிட்டியா?” நம் ஆட்களுக்குப் புகழ்ச்சியை வாங்கத் தெரியாது. நான் போன ஐந்து வீட்டில் நான்கில் இதுதான் நடந்தது. முதல் வீட்டில் நானும் பயந்து, “ஆமா, சும்மா சொன்னேன்” என்று பேச்சை விட்டுவிட்டேன். அது தவறு. வாதாடவும் வேண்டாம், பின்வாங்கவும் வேண்டாம். “உங்களுக்கு அது சின்னதா இருக்கலாம். எனக்கு அப்படி இல்ல” என்று ஒரே தடவை சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதியை நிரப்பத் துடிக்காதீர்கள். அப்போதுதான் அவர் உள்ளே வாங்கிக்கொள்கிறார்.

கண் கலங்கினால் கலங்கட்டும். யாராவது வந்து பேச்சு பாதியில் நின்றால் நிற்கட்டும், மீதியை எழுதி அனுப்பலாம்.

போகவே கூச்சமாக இருக்கிறது என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2018-இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், நன்றிக் கடிதம் எழுதியவர்களிடமும் அதைப் பெற்றவர்களிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார்கள். பெறுகிறவருக்கு இது சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்கு, பெற்றவர்கள் சங்கடப்படவில்லை. எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டிருந்தார்கள். கூச்சம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது.

7. எழுதிக் கொடுப்பது

டீச்சரைப் பார்த்துவிட்டு வந்த இரண்டு வாரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. கொஞ்சம் தயங்கித் தயங்கி, “அன்னைக்கு நீ சொன்னியே, அதை ஒரு பேப்பர்ல எழுதித் தாறியா? என் மகனுக்கு வாசிக்கக் குடுக்கணும்” என்றார். பேசியது காற்றோடு போய்விடும். எழுதியது அலமாரியில், பைபிளுக்குள், நகைப் பெட்டியில் இருக்கும். அதிலிருந்து எல்லோருக்கும் எழுதியும் கொடுக்கிறேன்.

வளைகுடாவிலோ கப்பலிலோ இருக்கிறவர்களுக்குக் கடிதம்தான் வழி. 2005-இல் மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி ஏறக்குறைய ஒரு மாதம் வரை கூடியே இருந்தது. ஒரு கடிதத்துக்கு ஒரு மாதம் என்பது சின்ன விஷயமில்லை.

கையால் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். எழுத்து அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. துபாயில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு எழுதியதை, சொந்த விவரங்களைக் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்:

“அன்புள்ள மாமா,
இந்தக் கடிதத்தில் உங்களிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லோரும் சுகம்.
நான் நர்சிங் படித்த வருடங்களில் ஹாஸ்டல் பணம் ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை. அந்த நாட்களில் நீங்கள் ஒரே அறையில் எட்டுப் பேரோடு தங்கியிருந்தீர்கள் என்று போன மாதம்தான் அத்தை சொன்னார். இரண்டு வருடம் ஊருக்கு வராமல் டிக்கெட் பணத்தை மிச்சம் பிடித்ததும் அப்போதுதான் தெரிந்தது. ‘லீவு கிடைக்கவில்லை’ என்று எங்களிடம் சொன்னீர்கள்.
நேற்று என் முதல் மாணவிகள் கூட்டத்துக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தேன். ஒரு பெண்ணுக்குக் கை நடுங்கியது. அவளுடைய அப்பாவும் பால் வெட்டுகிறவர். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் நினைவு வந்தது. அதனால் எழுதுகிறேன்.
அடுத்த முறை வரும்போது விமான நிலையத்துக்கு நான்தான் வருவேன்.”

முதல் வரியைக் கவனியுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவருக்கு ஊரிலிருந்து கடிதமோ போனோ வந்தால் பெரும்பாலும் ஏதோ தேவை இருக்கும். கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொன்னால், மீதியை நிம்மதியாக வாசிப்பார். எழுதவே வராதவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பலாம். பூங்கொத்துப் படமும் ‘நன்றி’ ஸ்டிக்கரும் அனுப்புவதைவிட அது எவ்வளவோ நல்லது.

8. பெயர் தெரியாதவர்களுக்கு

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது வாழையும் ரப்பரும் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். வேறு மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் நம் ஊர்ப் போஸ்ட்டுகளில் ஏறி நின்றார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு அந்த இடத்திலேயே சொல்லிவிடுவதுதான் ஒரே வழி. தண்ணீர் கொடுங்கள், எந்த ஊர் என்று கேளுங்கள்.

அரசு ஊழியர் என்றால் இன்னொன்றும் செய்யலாம். கண்டக்டரோ, கிராம சுகாதார செவிலியரோ நன்றாக நடந்துகொண்டால் தேதி, நேரம், வழித்தடம், நடந்த காரியம் எல்லாவற்றையும் குறித்து அவருடைய மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுங்கள். புகார்கள் மட்டுமே வருகிற மேசையில் அப்படி ஒன்று வந்தால், அந்தத் தொழிலாளிக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று, இதே போன்ற வேலையில் இருக்கிற எனக்குத் தெரியும்.

9. நல்லதும் கெட்டதும் செய்தவர்களுக்கு

அப்பாவை அன்று ராத்திரி ஜீப்பில் தூக்கிப் போட்டு நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனது பெரியப்பா. பிற்பாடு எல்லைத் தகராறில் எங்களைக் கண்டபடி பேசியதும் அவர்தான். அவர் பெயரை நோட்டில் எழுதி, அடித்து, திரும்ப எழுதினேன்.

இப்படிப்பட்டவர்களிடம் அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் சொல்லுங்கள். மற்றதை மன்னித்துவிட்டதாக நடிக்க வேண்டாம், மற்றதை இழுக்கவும் வேண்டாம். “அன்னைக்கு ராத்திரி ஜீப் கொண்டு வந்தது நீங்கதான் பெரியப்பா. அதை நான் மறக்கல்ல.” ஒரு சாவு வீட்டில், பந்தலுக்கு வெளியே நின்றபோது சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தகராறு இன்னும் தீரவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால், அவர் செய்த நல்லதையும் சேர்த்து நான் அழித்தவள் ஆகியிருப்பேன். உங்களை உடலாலோ மனதாலோ கொடுமைப்படுத்தியவர் என்றால் இந்தப் படியே வேண்டாம், நீங்கள் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை.

10. போய்ச் சேர்ந்தவர்களுக்கு

1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணைக்குப் பக்கத்தில், அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை இருக்கிறது. அங்கே போகிற வயதான விவசாயிகள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் கட்டிய அணையின் தண்ணீரில்தான் அவர்கள் பாட்டா காலத்திலிருந்து நெல் விளைகிறது.

கிழக்கு வீட்டு மாமியின் மகளிடம் நான் சொன்னேன். கஞ்சி, பயறு, திண்ணை, 11 ராத்திரி எல்லாம். அக்கா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அம்மை இதைப் பத்திச் சொன்னதே இல்லியே” என்றார். “அந்த வருஷம் அம்மைக்கு என்ன ஆச்சுன்னு இப்பத்தான் தெரியுது. ராத்திரியில எங்க போறான்னு அப்பா சண்டை போடுவாரு.” இறந்தவருடைய பிள்ளைகளுக்கு நாம் கொண்டுபோகிற கதை அவர்களிடம் இல்லாத ஒன்று. ஆண்டு நினைவு நாளுக்கோ, கல்லறைத் திருநாளுக்கோ, ஆடி அமாவாசைக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. கதையோடு போங்கள்.

11. சொன்ன பிறகு

பலரும் தவறவிடுவது இதை. அவ்வளவு பேசிவிட்டு வந்த பிறகு இரண்டு பேருக்கும் ஒரு கூச்சம் வந்துவிடும். சிலர் அதோடு போகாமலே இருந்துவிடுவார்கள், ‘சொல்லியாச்சு’ என்று கணக்கு முடிந்ததுபோல. இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு காரணமும் இல்லாமல் இன்னொரு தடவை போய் வாருங்கள். பழைய பேச்சை எடுக்க வேண்டாம்.

டீச்சர் கேட்ட கடிதத்தை எழுதிக்கொண்டு நான் தக்கலைக்கு இரண்டாம் தடவை போனபோது, மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் சம்மந்தித் துவையல் அரைத்து வைத்திருந்தார். கடிதத்தை வாங்கி, படிக்காமல், காலண்டருக்குப் பின்னால் சொருகிவிட்டு, முற்றத்து முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறியிருப்பதைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். பந்தம் கொளுத்திப் பூச்சியைச் சுடலாமா, கிளையை வெட்டலாமா என்று அரைமணி நேரம் பேசினோம். கடைசியில் கிளையை நான்தான் வெட்டினேன்.